மஸ்டாங்கில் இரண்டாவது ஆள்

அத்தியாயம் 9

“மேடம், கிளச் எட்டல. அதுக்கு லெட்டர்தான் போடணும் போலிருக்கு.”

நொறுங்கிய காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி சேஷாத்ரி இடது காலை நீட்டிக் காட்டினான். அவன் சப்பாத்து நுனிக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடந்தது.

பிரபாலினி சிரிக்கவில்லை. “உம்மட உயரம் என்ன?”

“நூத்தி அறுபத்து நாலு. ஷூவோட.”

“இளங்கீரன் நூற்றி அறுபத்து மூன்று.”

சேஷாத்ரி வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் தானாக மூடுவது மாதத்துக்கு ஒரு முறை நடந்தால் அதிகம்.

ஜெர்மனியில், ஹாம் நகரின் ஓரத்தில், விபத்து வண்டிகளைப் போட்டுவைக்கும் வளவு அது. 2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். விபத்து நடந்து சரியாக மூன்று வாரமாகியிருந்தது. நாளை மறுநாள் இந்த வண்டி இரும்புக்கடைக்குப் போகிறது. அதற்குள் ஒருமுறை பார்க்கத் தன் வக்கீல் மூலம் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தாள் சந்திரா. இளங்கீரனின் மனைவி.

1969ஆம் ஆண்டு மஸ்டாங். வெளித்தோற்றம்தான் அந்தக் காலத்து அமெரிக்க முரட்டுக் கார். உள்ளே இருந்தது எதுவும் பழசில்லை. ஐந்நூறு குதிரைவலு தரும் புது எஞ்சின், ஆறு கியர்ப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு பிரேக் டிஸ்க், பாரம் சமனாக இருக்கட்டும் என்று டிக்கிக்கு மாற்றப்பட்ட பாட்டரி. இளங்கீரன் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை. முப்பத்தொரு வயதில் அந்த வண்டிக்குள்ளேயே உயிரையும் விட்டான்.

தனியாகப் போயிருந்தால் பரிதாபம் என்று சொல்லி முடித்திருப்பார்கள். மரத்தில் மோதும் முன், கால்வாய்க் கரை வீதியில் சைக்கிளில் வந்த லேனா என்ற பதினான்கு வயதுச் சிறுமியை அந்த மஸ்டாங் தூக்கி எறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் இறந்தாள். அன்றிலிருந்து இளங்கீரனின் பெயர் செத்தவன் பெயர் இல்லை, கொன்றவன் பெயர். நகரின் ஊன்ட்றொப் பகுதித் தமிழ்க் கோயில் வாசலில் சந்திராவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவளுடைய தபால்பெட்டிக்குள் யாரோ செத்த எலி ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

“அவர் வேகமாக் கார் ஓடுற ஆள் இல்லை அக்கா” என்று மட்டும்தான் டோர்ட்முண்ட் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து சந்திரா சொன்னாள். பிரபாலினி எட்டு வருடம் காப்புறுதி நிறுவனத்தில் விபத்துகளைத் துருவிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். எல்லா மனைவிமாரும் அதைத்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

“இருக்கை நகருமோ?” என்று கேட்டாள்.

சேஷாத்ரி கீழே குனிந்து தடவினான். “நகராது. நேரா தரையில போல்ட் அடிச்சிருக்கு. ரேஸ் கார்ல இப்படித்தான். வண்டிக்குச் சொந்தக்காரர் அந்த ஆறடி அஞ்சங்குல டாக்டர், அவரோட அளவுக்குப் பண்ணது. நமக்கெல்லாம் இதுல இடம் கிடையாது.”

“ஓடிப் பாக்கிற நேரம் இளங்கீரன் முதுகுக்குப் பின்னால தடிச்ச மெத்தை ஒண்டு வைக்கிறவர் எண்டு சந்திரா சொன்னவ. விபத்துப் பட்டியல்ல மெத்தை இருக்கோ?”

அவன் தாள்களைப் புரட்டினான். “குடை இருக்கு. பாதி சாப்பிட்ட சாக்லேட் இருக்கு. மெத்தை இல்ல.”

“பெல்டைப் பாரும்.”

நான்கு பட்டிகள் கொண்ட பந்தய பெல்ட். உடலை வெளியே எடுக்கத் தீயணைப்புக்காரர்கள் பட்டிகளைக் கத்தியால் அறுத்திருந்தார்கள். ஆனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொளுக்கிகளில் யாரும் கை வைத்திருக்கவில்லை. நான்கும் கடைசி எல்லைவரை தளர்த்தப்பட்டுக் கிடந்தன.

சேஷாத்ரி மிச்சமிருந்த பட்டியைத் தன் வயிற்றைச் சுற்றி இழுத்துப் பார்த்தான். “இதுக்குள்ள நானும் இருக்கலாம், என் மாமனாரும் இருக்கலாம், அவரோட அல்சேஷியனும் இருக்கலாம். இவ்வளவு லூஸா கட்டிக்கிட்டு, போலீஸ் சொல்ற நூத்து நாப்பதுல ஒருத்தன் போவானா?”

“போகமாட்டான். மெக்கானிக் நிச்சயமாப் போகமாட்டான்.”

காரின் முன்பக்கத்தில் வலதுபுறம்தான் அதிகம் உள்வாங்கியிருந்தது. பயணி உட்காரும் பக்கம். ‘வண்டியில் ஒருவரே இருந்தார், அவரே ஓட்டுநர்’ என்று அறிக்கை எழுதியவருக்கு அதற்குமேல் கேள்வி எழவில்லை. பிரபாலினி வலப்பக்கக் கதவை நெம்பித் திறந்து உள்ளே தலையை விட்டாள். இருக்கைக்கும் கதவுக்கும் இடையில், கையைத் தொங்கவிட்டால் விரல் படும் இடத்தில், சிவப்பு மூடி போட்ட சுவிட்ச் ஒன்று இருந்தது. அதிலிருந்து போன வயர் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தது.

சேஷாத்ரி வயரைப் பிடித்துக்கொண்டே போனான். “எஞ்சினுக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் போற கரண்டை வெட்டுற சுவிட்ச் மேடம். கீழ தட்டினா வண்டி மூச்சு நின்னுடும். இப்போ மேலதான் இருக்கு.”

“ஓட்டுநர் இருக்கையில பெல்ட் கட்டிக்கொண்டு இருக்கிற ஆளுக்கு இது எட்டுமோ?”

“அனுமாருக்கு எட்டும்.”

அவன் மடிக்கணினியை வெளியே எடுத்தான். போன வருடம்வரை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருந்தவன். ஆட்குறைப்பில் வெளியே வந்து, விசா முடிவதற்குள் பிரபாலினியிடம் சேர்ந்துகொண்டான். இந்த மாதிரி வண்டியில் எஞ்சினுக்கென்று ஒரு கணினி இருக்கும், ஒவ்வொரு நொடியும் அதில் பதிவாகும் என்று அவனுக்குத் தெரியும். பாட்டரி டிக்கியில் இருந்ததால் மோதலுக்குப் பிறகும் அது சாகவில்லை. கேபிளைச் செருகி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டான்.

*

டாக்டர் ஹெல்விக் பல் வைத்தியர். மூங்கில் கம்புக்குக் கோட் மாட்டியது போல இருந்தார். இடது காலில் முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு.

“ஆகஸ்டில் ஏணியிலிருந்து விழுந்தேன்” என்றார். “என் காரை நான் ஒரு மீட்டர்கூட ஓட்டியதில்லை. விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இளங்கீரன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போனார். அவ்வளவுதான்.”

“கதவோரம் இருக்கும் சிவப்பு சுவிட்சைப் பார்த்தீர்களா?” என்று பிரபாலினி ஜெர்மனில் கேட்டாள்.

“என்ன சுவிட்ச்?”

“வலப்பக்கம். உங்கள் கைக்குப் பக்கத்தில்.”

“அங்கேதான் என் ஊன்றுகோலை வைத்திருந்தேன். எதுவும் இருக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.”

வெளியே வந்து தங்கள் பழைய ஓப்பலில் ஏறியதும் சேஷாத்ரி சொன்னான்: “டாக்டர் குற்றவாளியா இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். என் ஞானப்பல்லுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டா மூணு மாசம் கழிச்சு வான்னு சொல்லிட்டாங்க உள்ள.”

“அவர் இல்லை. அந்த உடம்புக்கு பெல்டைக் கடைசிமட்டும் இறுக்கியிருக்கவேணும். கடைசிமட்டும் தளர்த்திக் கிடந்தது. உயரம் மட்டும் காணாது. அகலமும் வேணும்.”

“உயரம், அகலம்.” சேஷாத்ரியின் முகம் மெல்ல மாறியது. “மேடம், நமக்குத் தெரிஞ்ச அப்படி ஒரு ஆள்...”

“ஓம். முதல்ல கணினி என்ன சொல்லுது எண்டு பாரும்.”

அவன் மடியில் கணினியை விரித்தான். பிரபாலினி வண்டியை எடுக்காமல் காத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நடைபாதையில் பந்து உதைத்துக்கொண்டு போனார்கள்.

“நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். வேகம் நூத்தி நாப்பத்தொண்ணு” என்று வாசித்தான் சேஷாத்ரி. “அந்த சுவிட்ச் கீழ தட்டப்படுது. எஞ்சின் நிக்குது. ரெண்டு செகண்டுல மோதல்.” நிறுத்தினான். “பக்கத்துல உக்காந்திருந்தவன் வண்டிய நிறுத்தப் பாத்திருக்கான் மேடம்.”

“இளங்கீரன்.”

“ஆனா நாம பாத்தப்போ சுவிட்ச் மேல இருந்துதே.” திரையை உருட்டினான். “இருக்கு. நாலு முப்பத்தொண்ணு. யாரோ திரும்ப மேல தள்ளியிருக்காங்க. லாரிக்காரன் ஒருத்தன் பாத்துட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணது நாலு முப்பத்தாறு.”

பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்று. பிரபாலினி மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை கழித்துப் பார்த்தாள். விடை மாறவில்லை.

“சுவிட்ச் கீழ கிடந்தால், அதைத் தட்டினது ஆர் எண்டு பொலிஸ் கேக்கும். அதுதான் மேல போயிருக்கு” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை இல்லாத சுவிட்ச் விபத்து நடந்த வியாழக்கிழமை இருக்கு. தனக்குப் பக்கத்தில இருந்து ஓடப்போற ஆளை நம்பாதவன்தான் அப்பிடி ஒண்டைப் பூட்டுவான்.”

அந்தப் பதிவை வழக்கைப் பார்த்த அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் அவருடன் பத்து நிமிடம் பேசினாள். பிறகு ஊன்ட்றொப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

*

இளங்கீரன் வேலை பார்த்த கராஜின் சொந்தக்காரர் பரராசசிங்கம். இளங்கீரனின் தமையன், அவனைவிடப் பதினாறு வயது மூத்தவர். தகப்பன் இல்லாத தம்பியை ஜெர்மனிக்கு எடுத்து, தொழில் பழக்கி ஆளாக்கியவர் என்று ஊரே சொல்லும். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். மேலங்கியின் பட்டன்கள் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தன.

“வாங்கோ தங்கச்சி. இன்னும் முடியேல்லையோ உங்கட விசாரணை? தம்பி வேகப் பிரியன். நான் எத்தினை தரம் சொன்னனான். விதி.”

“சின்னச் சந்தேகம் அண்ணை. அண்டைக்கு நீங்கள் வண்டியை எப்ப கடைசியாப் பாத்தனீங்கள்?”

“காலமை பத்து மணிக்கு. பிறகு நான் அலுவலகத்துக்குள்ள. அவன் எப்ப எடுத்தான் எண்டே எனக்குத் தெரியாது. நொறுங்கின பிறகு அதைப் போய்ப் பாக்க மனம் ஏவேல்லை.”

சேஷாத்ரி சுவரில் மாட்டியிருந்த தொழில்நுட்பச் சான்றிதழ்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். “சார், நானும் ஜெர்மன் லைசென்ஸ் எடுக்க எட்டு தடவ போனேன். எட்டாவது தடவ எக்ஸாமினர் என்னைப் பாத்ததும் அவரே சீட் பெல்டக் கட்டிக்கிட்டு, கண்ண மூடி, சிலுவ போட்டுக்கிட்டாரு.”

பரராசசிங்கம் சிரித்தார். பாதிச் சிரிப்பில் முகம் சுருங்கி, வலது கை இடப்பக்க விலாவைப் பிடித்தது.

“விலா எலும்பு உடைஞ்சா மூணு வாரத்துக்குச் சிரிக்கக் கூடாது சார்” என்றான் சேஷாத்ரி. இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

“வண்டிக்குக் கீழ நிண்டு வேலை செய்யிற கிடங்குக்குள்ள விழுந்தனான். அது வேற.”

பிரபாலினி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பயணி பக்கம் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கு அண்ணை. எஞ்சினை வெட்டுறது. உங்களுக்குத் தெரியுமோ?”

“இல்லை. அவன் தன்ர பாட்டுக்கு எதாவது பூட்டுவான்.”

“மோதுறதுக்கு முதல் ஆரோ அந்தச் சுவிட்சைத் தட்டி வண்டியை நிப்பாட்டப் பாத்திருக்கினம்.”

“அதெப்பிடி?” பரராசசிங்கத்தின் குரல் உயர்ந்தது. “தட்டியிருந்தா அது கீழ எல்லோ கிடந்திருக்கவேணும். மேலதானே கிடந்தது!”

மேசைமேல் இருந்த தொலைபேசி மணி அடித்து, அடித்து, நின்றது.

“ஓம் அண்ணை, மேலதான் கிடந்தது” என்றாள் பிரபாலினி. “உங்களுக்குத் தெரியாத சுவிட்ச், நீங்கள் பாக்காத வண்டி. மேல கிடந்தது எண்டு எப்பிடித் தெரியும்?”

அந்தப் பெரிய உடம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, டயர் அடுக்கொன்றின்மேல் உட்கார்ந்தது. மஸ்டாங்கை ஒருமுறை, ஒரே ஒருமுறை, தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தம்பியை நச்சரித்ததைச் சொன்னார். மாசி மாதம் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டு லைசென்ஸ் பறிபோயிருந்ததைச் சொன்னார். அது சந்திராவுக்குக்கூடத் தெரியாது. “அவன் அந்தச் சுவிட்சைப் பூட்டிப்போட்டுத்தான் ஏறினவன். என்னில நம்பிக்கை இல்லாமல். எனக்கு அது கோவம். அதுதான் மிதிச்சன்.”

“பிறகு?”

“பிள்ளையை நான் காணேல்லை. சத்தம்தான் கேட்டது.” நெற்றியைத் துடைத்தார். “தம்பி செத்திட்டான் எண்டு நினைச்சுத்தான் மற்றப் பக்கம் மாத்தினனான். செத்தவனுக்கு என்ன, ஜெயிலோ?”

“செத்தவனை மாத்த இவ்வளவு நேரம் எடுக்காது அண்ணை.” பிரபாலினியின் குரல் தணிந்தே இருந்தது. “நாலு பன்னிரண்டிலயிருந்து நாலு முப்பத்தொண்டு. பொலிஸ் கேக்கேக்க எப்பிடியும் சொல்லத்தான் போறீங்கள். அவர் கதைச்சவரோ?”

அவர் மேலங்கியின் பட்டன் ஒன்றைப் பிடித்துத் திருகினார்.

“கதைச்சவன்.”

“என்ன சொன்னவர்?”

“முதல்ல, ‘அண்ணை, அந்தப் பிள்ளையைப் பாருங்கோ’ எண்டான்.” மூச்சு வாங்கினார். “நான் தூக்கேக்க என்ர கழுத்தைச் சுத்திக் கையைப் போட்டவன். வெளியில எடுக்கிறன் எண்டு நினைச்சான். மற்றக் கதிரையில இருத்திப் பெல்டைக் கொழுவேக்கதான் அவனுக்கு விளங்கினது. அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை. என்னையே பாத்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்கேல்லை. அந்தப் பார்வை நிக்குமட்டும் என்னால போக ஏலாமல் இருந்தது.”

“அந்தப் பிள்ளை?”

“றோட்டோரக் கான் பள்ளத்துக்குள்ள கிடந்தது.”

“அழுததோ?”

“கொஞ்ச நேரம்.”

சேஷாத்ரி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். முற்றத்தில் காவல்துறை வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பரராசசிங்கம் ஓட முயலவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேலங்கியைக் கழற்றிக் கொளுவியில் ஒழுங்காக மாட்டினார்.

“தங்கச்சி, சந்திராவுக்கு மட்டும் அவன் உடன செத்தவன் எண்டு சொல்லுங்கோ” என்றார்.

பிரபாலினி, உத்தரவு கேட்கும் ஆள் போலத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அவரைக் கடந்து வெளியே நடந்தாள்.

*

சந்திராவின் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இருக்கச் சொல்லவும் மறந்து நின்றாள். பிரபாலினி நின்றபடியே சொன்னாள். ஓட்டியது யார் என்பதை. நிறுத்தப் பார்த்தது யார் என்பதை.

“அப்ப அவர் ஓடேல்லை” என்றாள் சந்திரா.

“ஓடேல்லை. நிப்பாட்டப் பாத்தவர்.”

“உடன போனவரோ அக்கா?”

பிரபாலினிக்குப் பொய் சொல்ல ஒரே ஒரு நொடிதான் இருந்தது. நீதிமன்றத்தில் எல்லாம் வரும், பத்திரிகையிலும் வரும். அந்நியர் எழுத்தில் வாசித்து இவள் அறிந்துகொள்ளக் கூடாது.

“இல்லை” என்றாள். மிச்சத்தையும் சொன்னாள்.

சந்திரா அழவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வேறு யாருக்கோ சொல்வது போலப் பேசினாள்.

“எட்டுச் செலவுச் சடங்கு முடிஞ்ச அடுத்த நாள், அவற்ற தமையன், அத்தான் வந்தவர் அக்கா. ‘தம்பி செய்த பாவம், நாங்கள் போய் மன்னிப்புக் கேக்கவேணும்’ எண்டு அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்கு டாக்சியில கூட்டிக்கொண்டு போனவர். அந்த அம்மாவுக்கு முன்னால முழங்காலில இரு எண்டு சொன்னதும் அவர்தான். நான் இருந்தனான். அந்த மனுசி என்ர முகத்தில துப்பினது. துடைக்கச் சொல்லி லேஞ்சி எடுத்துத் தந்ததும் அவர்தான்.”

சேஷாத்ரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சந்திரா உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். “அங்க போவம் அக்கா.”

“இண்டைக்கேவோ?”

“அந்த மனுசி இன்னும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கும்.”

கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளிச் சிவப்புச் செங்கல் வீடு. வாசலில் சிறிய சைக்கிள் ஒன்று இன்னும் சாத்தியபடி நின்றது, தங்கையினுடையதாக இருக்கலாம். கதவைத் திறந்த தாய் சந்திராவைக் கண்டதும் மூட வந்தாள். சந்திரா பாதத்தைக் கதவிடுக்கில் வைத்தாள். முழங்காலிடவில்லை. தனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில், “என் கணவர் இல்லை. அவர் அண்ணன். என் கணவர் நிறுத்தப் பார்த்தார். உங்கள் மகளைப் பார்க்கச் சொன்னார்” என்றாள்.

தாய் மூட வந்த கதவைப் பாதியில் நிறுத்தினாள். பிறகு கதவை விட்டு, சந்திராவின் கையைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் வாசற்படியில் நின்றார்கள். தன் தொழிலில் நல்லது என்று சொல்லக்கூடியதை அபூர்வமாகவே பார்த்தவள் பிரபாலினி. இது அப்படி ஒன்று என்று நினைத்தாள்.

அப்போது தாயின் புருவம் நெரிந்தது. ஏதோ ஒன்றைக் கணக்குப் போடுவது போல அவள் கண்கள் சந்திராவின் முகத்தில் அலைந்தன.

“பார்க்கச் சொன்னார் என்றால்,” என்று மெல்லக் கேட்டாள், “லேனாவுக்கு உயிர் இருந்தது தெரிந்தும் உதவி கூப்பிடவில்லையா? அந்த அண்ணன் எவ்வளவு நேரம் அங்கே நின்றான்?”

கேள்வி சந்திராவுக்கு விளங்கியது. பதிலுக்கான ஜெர்மன் அவளிடம் இல்லை. திரும்பிப் பிரபாலினியைப் பார்த்தாள்.

பிரபாலினி சொன்னாள். “பத்தொன்பது நிமிடம்.”

தாயின் விரல்கள் சந்திராவின் கையை விடவில்லை. இறுக்கின. இறுக்கிக்கொண்டே போயின. சந்திரா வலியில் உதட்டைக் கடித்தாள். ஆனால் கையை இழுக்கவில்லை.